ஆறு விருப்பப் பாடங்கள்: படிவத்தை நிரப்பும் முன் சட்ட மாணவர் செய்ய வேண்டியவை

குடும்பச் சட்டத்தை எடுக்கலாமா, சைபர் சட்டத்தை எடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி குடும்பச் சட்டம் விருப்பப் பாடமே அல்ல. எல்லோரும் இரண்டு பேப்பராக அதைப் படித்தே ஆக வேண்டும். தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கட்டாயப் பட்டியலில் தனிப் பேப்பராக இல்லை. விருப்பப் பாடமாகத்தான் வருகிறது. ஆகவே கேட்க வேண்டியது வேறு: கட்டாயமாகப் படித்த குடும்பச் சட்டத்தின் மேல் எந்த விருப்பப் பாடத்தைக் கட்டி எழுப்பலாம்? தொழில்நுட்பப் பேப்பரை எந்தக் கட்டாயப் பாடத்தோடு இணைத்துப் படித்தால் நீதிமன்றத்தில் பயன்படும்? விருப்பப் பாடத்துக்குத் தனியாக மதிப்பில்லை. அது எதன்மேல் உட்காருகிறது என்பதில்தான் மதிப்பு.

முதலில் கணக்கு

பார் கவுன்சில் விதிகளின் இரண்டாம் அட்டவணையில் கட்டாயப் பாடங்கள் 20. கிளினிக்கல் பேப்பர்கள் 4: ஆவண வரைவும் வாதுரை வரைவும், தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மூட் கோர்ட்டும் இன்டர்ன்ஷிப்பும். இவற்றின் மேல் குறைந்தது 6 விருப்பப் பாடங்கள். மொத்தம் 30. ஐந்தாண்டுப் படிப்பில் கலை, வணிகவியல் அல்லது அறிவியல் பாடங்கள் இதற்கு வெளியே தனியாக வரும். ஆனர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரே துறையில் கூடுதல் பேப்பர்கள் உண்டு.

விருப்பப் பாடங்களை விதிகள் ஏழு குழுக்களாகப் பிரித்திருக்கின்றன: அரசமைப்பு, வணிகம், பன்னாட்டு வாணிபம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், வேளாண்மை, அறிவுசார் சொத்து. ஆறையும் ஒரே குழுவில் எடுக்கலாம், பல குழுக்களிலிருந்தும் எடுக்கலாம் என்பது பார் கவுன்சில் விதி. உங்கள் பல்கலைக்கழகம் இதைச் சுருக்கி வைத்திருக்கலாம். அச்சிட்ட பட்டியலில் பத்துப் பாடங்கள் இருந்தும் கல்லூரியில் ஆசிரியர் இருப்பது இரண்டுக்கு மட்டும் என்ற நிலைமையும் உண்டு. அதனால் பட்டியலைப் படிப்பதோடு நிற்காமல், இந்தப் பருவத்தில் எந்தப் பேப்பர் உண்மையில் நடக்கப் போகிறது என்று துறையில் கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும் என்பதையும் கேளுங்கள். பிடித்த பாடத்துக்கு ஆள் குறைவாக இருந்தால் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து எழுதிக் கொடுப்பது பல நேரங்களில் வேலை செய்யும். கடைசி நாளில் கேட்டால் செய்யாது.

மேசையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே நான்கைச் சேர்த்துவிடுங்கள்: உங்கள் பேட்சுக்குப் பொருந்தும் ஒழுங்குமுறை, ஒவ்வொரு பாடத்தின் யூனிட் வாரியான பாடத்திட்டம், கடைசி மூன்று ஆண்டு வினாத்தாள்கள், அடுத்த பருவக் கால அட்டவணையின் வரைவு.

ஒழுங்குமுறையில் ‘உங்கள் பேட்சுக்குப் பொருந்தும்’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். சீனியரின் பாடத்திட்டத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர், பாடக் குறியீடு மாறிப் போனதைத் தேர்வு நேரத்தில் கண்டுபிடிப்பார். வினாத்தாளையும் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்து, எந்த யூனிட்டிலிருந்து எத்தனை கேள்வி என்று குறியுங்கள். ஐந்து யூனிட்டில் மூன்றிலிருந்து மட்டுமே கேள்வி வருகிறது என்றால் அந்தப் பேப்பர் எவ்வளவு ஆழமாக நடத்தப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரே பொருள் வெவ்வேறு குழுக்களில் வேறு பெயரில் வருவதையும் கவனியுங்கள். ஒன்றில் சைபர் குற்றம், மற்றொன்றில் தகவல் தொழில்நுட்பச் சட்டம். இரண்டையும் எடுத்தால் பாதிப் பாடம் இரண்டு முறை வரும். யூனிட்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒத்துப் போனால் ஒன்றை விடுங்கள்.

தொழில்நுட்பப் பேப்பர்: பாடத்திட்டம் உயிரோடு இருக்கிறதா?

இந்தத் துறையில் பாடத்திட்டம் பழசாவது மிக வேகம். எடுக்கும் முன் ஐந்து இடங்களைத் தொட்டுப் பாருங்கள்.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவது பற்றிய, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் பிரிவு 66ஏ இன்னும் குற்றமாகப் பட்டியலில் இருக்கிறதா? ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 2015இல் ரத்து செய்துவிட்டது. மேல்முறையீட்டுக்குச் சைபர் தீர்ப்பாயம் என்று எழுதியிருக்கிறதா? 2017 முதல் அந்த வேலை தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தைச் சேர்ந்தது. இடைநிலையாளர் (சமூக ஊடகம் போன்ற இணையத் தளங்கள்) விதிகள் 2011ஆம் ஆண்டினவா? 2021இல் புதிய விதிகள் வந்துவிட்டன. மின்னணுச் சாட்சியத்துக்கு இன்னும் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மட்டும்தானா? 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 அந்த இடத்தில் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்பில் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 நவம்பரில் வந்த விதிகளும் உண்டா?

ஐந்தில் மூன்று பழசு என்றால் அந்தப் பேப்பரைத் தள்ளிவிடத்தான் வேண்டும் என்பதில்லை. ஆசிரியர் வகுப்பில் புதியதைச் சொல்கிறாரா என்று சீனியர்களிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியர் பழைய பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே இன்றைய சட்டத்தை நடத்திவிடுவார். பழைய பாடத்திட்டமும் பழைய குறிப்புகளும் சேர்ந்தால் மட்டும் எடுக்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். சாட்சியச் சட்டம் முடிக்காமல் சைபர் பேப்பர் எடுத்தால் பாதி புரியாது. ஒரு ஸ்கிரீன்ஷாட் ஏன் இரண்டாம் நிலைச் சான்று, சான்றிதழ் எதற்கு என்பதெல்லாம் சாட்சியச் சட்டத்தின் அடிப்படையிலிருந்து வருகிறது. மின் ஒப்பந்தப் பகுதிக்கு ஒப்பந்தச் சட்டமும், இணையப் பேச்சு பற்றிய பகுதிக்கு பேச்சுரிமை தரும் அரசமைப்பின் 19ஆம் உறுப்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தரங்க உரிமைக்கு 2017இன் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்த புட்டசாமி தீர்ப்பு வாசல்.

சைபர் சட்டம் என்றாலே குற்றம் என்று நினைப்பது மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43 ஒரு சிவில் பரிகாரம். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது, தரவை எடுப்பது, அழிப்பது ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்கலாம். அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66இன் கீழ் குற்றமாகிறது. இழப்பீட்டு மனு போகும் இடம் பிரிவு 46இன் கீழுள்ள தீர்ப்பு அதிகாரி. மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலரே அந்த அதிகாரி. கோரிக்கை 5 கோடி ரூபாய் வரை அவரிடம் போகலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை இழந்தவருக்கு எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு இந்தக் கதவைச் சொல்லாத வக்கீல்கள் உண்டு. நீங்கள் அப்படி ஆகாமல் இருக்க 43, 46, 66 மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் படியுங்கள். குற்ற வழக்கில் பிரிவு 78இன்படி இன்ஸ்பெக்டர் நிலைக்குக் கீழுள்ளவர் புலனாய்வு செய்யக் கூடாது என்பதையும் அதோடு சேருங்கள். ஜாமீன் மனுவிலும் விடுவிப்பு மனுவிலும் இது கைகொடுக்கும்.

கையால் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி ஒன்று. உங்கள் கணினியில் ஒரு புகைப்படத்தை எடுத்து அதன் எஸ்.எச்.ஏ.256 ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் வரும். பிறகு அதே படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக நண்பருக்கு அனுப்பி, அவரிடம் வந்து சேர்ந்த கோப்பின் மதிப்பைப் பாருங்கள். மாறியிருக்கும். அனுப்பும்போது வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கோப்பு வேறு. கட்சிக்காரர் ‘சார், உங்களுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டேன், போன வித்துட்டேன்’ என்று சொல்லும் நாளில் எது தொலைந்தது என்று உங்களுக்கு உடனே புரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

அடுத்து, சாக்ஷிய அதினியத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவத்தை நிரப்பிப் பழகுங்கள். அதில் இரண்டு பகுதிகள். பகுதி ஏ கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு. பகுதி பி நிபுணருக்கு. இரண்டிலும் ஹாஷ் மதிப்பும் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும் கேட்கப்படுகின்றன. பழைய 65பி பழக்கத்தில் முதல் பகுதியை மட்டும் நிரப்பி நிறுத்திவிடுவது இப்போது அதிகம் நடக்கும் தவறு. சான்றிதழ் எப்போது தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்: அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பில் (2020), அசல் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பழைய 65பியின் மேல் எழுந்த தீர்ப்பு என்பதைத் தேர்வில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

குடும்பச் சட்டத்தின் மேல் எதைக் கட்டுவது

ஒரு குடும்பத்தின் சண்டை ஒரே நீதிமன்றத்தில் நிற்பதில்லை. விவாகரத்துக்கு எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) குடும்ப நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில். ஜீவனாம்சத்துக்கு எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) — முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் கீழ் டி.வி.சி. (குடும்ப வன்முறை வழக்கு) மாஜிஸ்திரேட்டிடம். பாகப்பிரிவினைக்கு ஓ.எஸ். (அசல் வழக்கு) சிவில் நீதிமன்றத்தில். கட்டாயப் பேப்பர்கள் இரண்டும் திருமணம், தத்து, பாதுகாப்பாளர், வாரிசுரிமை என்று தனித்தனியே நடத்திவிடும். நான்கு வழக்கும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்றில் கொடுத்த வாக்குமூலம் மற்றொன்றில் எப்படித் திரும்பிக் கடிக்கும் என்பதை அவை சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பேப்பர்தான் உங்களுக்கு வேண்டிய விருப்பப் பாடம்.

எங்கள் முதல் பரிந்துரை, பெயரைப் பார்த்தால் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒன்று: தனியார் பன்னாட்டுச் சட்டம். கணவர் அமெரிக்காவில், மனைவி திருச்சியில், குழந்தை யாரிடம் என்ற வழக்கு இன்று தமிழ்நாட்டில் அரிதல்ல. வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 13ஐயும், நரசிம்ம ராவ் வழக்கில் 1991இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையைக் கடத்திச் செல்வது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் இப்படிப்பட்ட வழக்குகள் ஆட்கொணர்வு மனுவாகவும் பாதுகாப்பாளர் மனுவாகவும் இங்கே நடக்கின்றன. இந்தப் பேப்பரை எடுப்பவர் குறைவு. ஆனால் தேவை பெருகிக்கொண்டே போகிறது.

அடுத்தது குற்றவியல் குழுவில் பெண்கள் தொடர்பான குற்றவியல் சட்டமும் குழந்தைகள் தொடர்பான குற்றங்களும். வாடகைத் தாய் முறை, செயற்கைக் கருத்தரிப்பு இரண்டுக்கும் 2021இல் தனித்தனிச் சட்டங்கள் வந்துவிட்டதால் மருத்துவச் சட்டப் பேப்பரும் குடும்ப வழக்கறிஞருக்கு உதவும். பாலின நீதி பற்றிய பேப்பர், சட்டத்தின் பின்னால் உள்ள காரணத்தைக் கற்றுத் தரும். அது வழக்கு நடத்தும் முறையைக் கற்றுத் தரும் என்று எதிர்பார்த்து எடுக்காதீர்கள்.

கட்டாயப் பாடத்தையே சரியாக முடிக்காமல் இவற்றுக்குள் போக வேண்டாம். தமிழ்நாட்டில் தொழில் செய்யப் போகிறவர் மாநிலத் திருத்தங்களை விட்டுவிட்டால் பெரிய ஓட்டை. இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட உருவம் தந்தது. அதற்கான திருத்தச் சட்டம் 1967ஆம் ஆண்டினது. வழக்கறிஞர்கள் இத்தகைய திருமணத்தை நடத்திவைக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2023இல் விடை தந்து, 2014ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்க மறுத்தது.

பூர்விகச் சொத்தில் மகளின் பங்கு விஷயத்திலும் அப்படியே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல். அதற்கு முன் திருமணமான மகளை அது விலக்கியது. மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல். அதில் அந்த விலக்கு இல்லை. 2020இன் வினீதா சர்மா தீர்ப்பு, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினையை மட்டும் சட்டம் தொடுவதில்லை. பாக வழக்கு ஒன்றை வரையும்போது இந்தத் தேதிகளை ஒரு கோட்டில் குறித்து, அதன் கீழே அந்தக் குடும்பத்தில் நடந்த மரணம், திருமணம், பத்திரப் பதிவு ஆகியவற்றின் தேதிகளை எழுதுங்கள். விடை பெரும்பாலும் கோட்டிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு பயிற்சி: ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் (2020) இணைத்துள்ள சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தை எடுத்து, ஒரு கற்பனைக் குடும்பத்துக்கு முழுமையாக நிரப்புங்கள். விவசாயக் குடும்பத்துக்கு அதில் தனிப் படிவம் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கான படிவத்தில் விவசாயியின் வருமானத்தைத் திணித்துவிட்டு, குறுக்கு விசாரணையில் தடுமாறுவது பார்க்கக் கூடிய தவறு.

இரண்டும் சந்திக்கும் இடம்

குடும்ப நீதிமன்றத்துக்கு வரும் சான்றுகளில் வாட்ஸ்ஆப் உரையாடலும் குரல் பதிவும் வங்கிச் செயலி விவரமும் பெரும்பங்கு. ஆகவே தொழில்நுட்பமா குடும்பமா என்று பிரித்துக் கேட்பவருக்கு எங்கள் பதில்: இரண்டையும் ஒன்றாகப் படியுங்கள்.

ஒரு சிக்கலை மட்டும் எடுத்துப் பாருங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இன் பிரிவு 14, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா இல்லையா என்று பாராமல், தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதும் ஆவணத்தை ஏற்கலாம் என்கிறது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களை, அந்தரங்க உரிமையை மீறிப் பெற்றது என்று ஏற்க மறுத்தது. 2025 ஜூலை 14இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவிக்கிடையே நடந்த பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்றது. தம்பதியரின் உரையாடலுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, அவர்களுக்கிடையே நடக்கும் வழக்குக்குப் பொருந்தாது என்பது அங்கே முக்கியக் காரணம்.

இரண்டாவது தீர்ப்பு வந்ததும் முதலாவது முழுவதும் போய்விட்டது என்று எழுதுவது அவசரம். ஒன்றில் பதிவு செய்தவரே பேச்சில் பங்கு கொண்டவர். மற்றொன்றில் எடுக்கப்பட்டது மூன்றாம் நபர்களோடு மனைவி பேசிய விவரம். தேர்வுத் தாளிலும் வாதத்திலும் இந்த வேறுபாட்டைத் தொடுபவருக்கும் தொடாதவருக்கும் இடையே தூரம் அதிகம். ஏற்கலாம் என்பதும் நம்பலாம் என்பதும் வேறு. ஏற்ற பிறகும் பிரிவு 63 சான்றிதழ், ஹாஷ், குரல் யாருடையது என்ற கேள்விகள் அப்படியே நிற்கும்.

விருப்பப் பாடத்துக்கான ஆய்வுத் தலைப்பை இந்தச் சந்திப்பிலிருந்து எடுங்கள். ‘இந்தியாவில் சைபர் குற்றங்கள்’ போன்ற தலைப்பு முப்பது பக்கம் நிரம்பும்; ஒன்றும் மிஞ்சாது. ‘ஜீவனாம்ச வழக்கில் யு.பி.ஐ. பரிவர்த்தனை விவரத்தை வருமானச் சான்றாக ஏற்பது’ என்பது போல ஒரு மனு, ஒரு ஆவணம், ஒரு பிரிவு என்று குறுக்கினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தைரியமாக உட்காரலாம்.

எந்த ஊரில், எந்த வேலை

மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் தொடங்க நினைப்பவர் ஆறு இடங்களை இப்படி நிரப்பலாம்: சட்டப் பொருள்கோள் (சட்ட வாசகத்துக்குப் பொருள் காணும் முறை), நிலச் சட்டங்கள், வங்கிச் சட்டம், பெண்கள் தொடர்பான குற்றவியல், சைபர் பேப்பர் ஒன்று, தனியார் பன்னாட்டுச் சட்டம். இதில் நிலச் சட்டத்தைப் பலர் சீண்டுவதே இல்லை. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், பட்டா, ரயத்துவாரி (விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் முறை) வரலாறு தெரியாமல் கிராமத்துப் பாக வழக்கை எடுப்பவர் பாதி வழியில் நிற்பார். வங்கிப் பேப்பரில் காசோலை வழக்குகள் வந்துவிடும். புது வக்கீலின் முதல் ஆண்டு வருமானம் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

தொழில்நுட்ப நிறுவனம் அல்லது சட்ட நிறுவனம் என்று போகிறவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு வணிகக் குறி, பதிப்புரிமை, போட்டிச் சட்டம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். இங்கேயும் சட்டப் பொருள்கோள் வேண்டும். எந்தப் பாதையானாலும் அந்தப் பேப்பரை விடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. மற்ற ஐந்தையும் அதுதான் படிக்கக் கற்றுத் தரும்.

பார் தேர்வை மட்டும் மனதில் வைத்து விருப்பப் பாடம் எடுப்பதில் பயனில்லை. ஏ.ஐ.பி.இ. (அகில இந்திய பார் தேர்வு) தேர்வின் 100 கேள்விகளில் சைபர் சட்டத்துக்கு 2, அறிவுசார் சொத்துக்கு 2. குடும்பச் சட்டத்துக்கு 8. அந்த எட்டும் கட்டாயப் பேப்பரிலேயே இருக்கின்றன. நீதிபதி தேர்வு எழுத விரும்புவோர் 2025 மே 20 தீர்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்: உரிமையியல் நீதிபதி பணிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே அவர்களுக்கும் முதல் மூன்று ஆண்டு நீதிமன்றத்தில் எது உதவும் என்பதே அளவுகோல்.

இன்டர்ன்ஷிப்போடு பொருத்துவது

மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு நான்கு வாரம் என்று போட்டால் கணக்கு சரியாக முடிகிறது. ஒரு விடுமுறையைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு அதைத் துண்டு துண்டாக ஈடுகட்ட வேண்டியிருக்கும். விருப்பப் பாடம் நடக்கும் பருவத்துக்கு அடுத்த விடுமுறையில் அதே துறை சேம்பரில் சேருங்கள். முன்பே சேர்ந்தால் வழக்குக் கட்டுத் தூக்குவதோடு நின்றுவிடும்.

குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தடை உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 22இன்படி விசாரணை மூடிய அறையில் நடக்கும். மூட் கோர்ட் பேப்பருக்காக வழக்கு விசாரணையைக் கவனித்து எழுத வேண்டும் என்று நேராகப் போய் உட்கார முடியாது. சீனியர் மூலம் நீதிபதியின் அனுமதியும் கட்சிக்காரரின் சம்மதமும் வேண்டும். கிடைக்காவிட்டால் கவனிப்புக்குப் பாக வழக்கையோ காசோலை வழக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வழக்கை சேம்பரில் கட்டுகளிலிருந்து படியுங்கள். டைரியில் பெயர், ஊர், குழந்தையின் பள்ளி எதையும் எழுத வேண்டாம். அந்த விவரங்களை வெளியிடுவது அதே பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. அதைவிட, உங்களை நம்பித் தன் வீட்டைத் திறந்து காட்டிய ஒருவரின் மானம் அந்த டைரியில் இருக்கிறது.

படிவம் நிரப்பும் வாரம்

முதல் தேர்வோடு இரண்டு மாற்றுத் தேர்வுகளையும் எழுதி வையுங்கள். கால அட்டவணையில் அரியர் பேப்பரின் தேர்வு நாளோடு மோதுகிறதா என்று பாருங்கள். வருகை 70 சதவீதம் என்கிறது விதி 12. பாடத்துக்குப் பாடம் தனியாக எண்ணப்படும். 50 வகுப்பு நடந்தால் 35. விருப்பப் பாட வகுப்புகள் எண்ணிக்கையில் குறைவு, கடைசி மணியிலும் சனிக்கிழமையிலும் விழும். அதனால் கட்டாயப் பாடங்களில் 85 வைத்திருப்பவரும் இங்கே விழுந்துவிடுவார். 65 முதல் 70 வரை உள்ளவருக்கு விதிவிலக்கு கிடைக்க, எல்லாப் பாடமும் சேர்ந்த சராசரி 70 இருக்க வேண்டும். தகுந்த காரணமும் வேண்டும்.

வெளியே சைபர் சட்ட டிப்ளமா படித்தால் விருப்பப் பாடமாகக் கணக்கில் வரும் என்று நினைக்காதீர்கள், வராது. ஒரே நேரத்தில் இரண்டு முழுநேரப் படிப்பில் சேர்வதையும் விதி 6 தடை செய்கிறது. பகுதி நேரச் சான்றிதழ்ப் படிப்பு, தொலைநிலைக் கல்வி போன்றவற்றுக்குத்தான் அங்கே விலக்கு. சேரும் முன் அந்தப் படிப்பு எந்த வகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்த பிறகு பாடத்தை மாற்ற அவகாசம் உண்டா என்று ஒழுங்குமுறையில் பாருங்கள். உண்டென்றால் அந்தக் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும்போது பாடக் குறியீட்டை அந்த நகலோடு ஒப்பிடுங்கள். ஹால் டிக்கெட்டில் வேறு குறியீடு அச்சாகி வந்தால், தேர்வுக்கு முந்தைய நாள் அலைவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நகல்தான்.